மயிலைக்கு ஒரு கிடாரி வேணும்

அன்புள்ள மாப்ளை,

நலம். தங்கச்சியும் குழந்தைகளும் நலம்தானே? ஐப்பசியில் நீ போட்ட கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். நேரில் வரும்போது திட்டிக்கொள். குண்டு வாத்தியார் மகள் கல்யாணம் ஜோராக முடிந்தது. நீ வராததால் ஜிலேபித் தட்டு தப்பித்தது.

நம்ம காங்கேயம் பசு மயிலை விஷயமாகத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். போன புதன்கிழமை அவளுடைய கருவை இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகளின் வயிற்றில் வைத்திருக்கிறோம். உடனே போனைத் தூக்காதே, முழுசாகப் படி.

அவளுக்கு வயது 16. ஒன்பது ஈத்தில் எட்டும் காளைக்கன்று. பெண்கன்றாக இருந்த ஒரு கிடாரியும் தோல் கழலை நோயில் போய்விட்டது. அப்பிச்சி கண்ணபுரம் சந்தையில் பிடித்து வந்த மாட்டின் வழி இவளோடு முடிந்துவிடுமோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. "பால் வேணும்னா கிர் காளையோட விந்து ஊசி போடு" என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கிர் நல்ல மாடுதான், குஜராத்தில். சித்திரை வெயிலில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் காய்ந்த கொழுக்கட்டைப்புல்லையும் வெள்வேல நெற்றையும் தின்றுவிட்டு, வேளைக்கு ஒரு லிட்டர் கறந்து, கன்றுக்கும் மிச்சம் விடுகிறவள் இவள்.

முதலில் பாலினம் பிரித்த விந்தைச் சொல்லிவைத்து வாங்கித்தான் ஊசி போட்டேன். பத்துக்கு ஒன்பது கிடாரி என்கிறார்கள், அது உண்மைதான். பெண் கன்றுக்கான விந்தணுவில் மரபுப்பொருள் நூற்றுக்கு நாலு பங்குபோலக் கூடுதல். சாயம் ஏற்றி லேசரில் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். ஆனால் விந்து அடைத்த சாதாரண குழலில், அதாவது ஸ்ட்ராவில், 2 கோடி அணு என்றால் இதில் 20, 30 லட்சம்தான். பிரிக்கிறபோதே அடிபட்ட அணுக்கள் வேறு. வேளை தவறினால் சினை நிற்காது. பருவத்துக்கு வந்து காலையில் கத்திய மாட்டுக்கு ஊசிக்காரர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். மைனஸ் 196 டிகிரியில் கிடந்த ஸ்ட்ரா, ஈர்க்குச்சி தண்டிதான், நைட்ரஜன் கேனைத் திறந்ததும் புகையோடு வந்தது. அதை 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிஷம் வைக்கணும். அவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு "போதும்" என்றார். தெர்மாமீட்டர் கிடையாது. இருபத்தொன்றாம் நாள் வாலடியில் கண்ணாடிபோல வழும்பு தொங்கியதைப் பார்த்தேன், சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டாள். அப்படியே மூன்று பருவம் வீணாகப் போயிற்று மாப்ளை, இந்த வயசில் மூன்று பருவம்!

அவர்மேல் மட்டும் பழி போடவும் மனசு வரவில்லை. அது இளங்கிடாரிகளுக்கும் ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் மாடுகளுக்கும் ஏற்ற ஊசி. வயசான மாட்டுக்குப் போடலாமா என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். கை விட்டுப் பார்த்துவிட்டு, "கருப்பை களைச்சுப் போச்சுங்ண்ணா, ஆனா முட்டை இருக்குதுங்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாள் காலையும் மாலையும் ஹார்மோன் ஊசி போட்டு, விந்து ஊசி போட்ட ஏழாம் நாள் கருவைக் கழுவி எடுக்கும் முறையும் உண்டாம். அந்தக் கருப்பையை நம்பி அதில் இறங்க வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். முட்டையை நேரடியாக எடுத்து வெளியில் வளர்ப்பதே சரி.

வால் மூட்டில் மரப்பு ஊசி போட்டார்கள். மயிலை அசைபோட்டுக்கொண்டே நின்றாள். ஸ்கேன் திரையில் சினைப்பையில் கறுப்புக் கறுப்பாகக் குமிழிகள். ஊசி நுழைய நுழைய ஒவ்வொன்றாகச் சுருங்கி மறைந்தது. மொத்தம் 11 முட்டை. ஆய்வகத்தில் ஒரு நாள் முதிர வைத்து, விந்து சேர்த்து, ஏழு நாள் வளர்த்ததில் மூன்று கரு தேறியது. ஒன்று பலவீனம். மற்ற இரண்டையும், பருவம் வந்து ஏழு நாள் ஆன ஜெர்சிகளுக்கு வைத்தோம்.

என்னை அதிகமாக அரிப்பது வேறொரு கவலை. ஊசி போட்டு முடித்த வெற்று ஸ்ட்ராக்களைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். காளையின் எண் அதில் அச்சாகியிருக்கும். போன மாதம் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். நம்ம ஊர்க் கன்றுகளில் பாதிக்கு ஒரே அப்பன்! இந்தக் கிடாரிகள் பருவத்துக்கு வந்ததும் மறுபடி அதே எண்ணைப் போட்டால்? ஒரு காளையிடம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரா எடுக்கலாம் என்பதால் ஊரில் யாரும் இனச்சேர்க்கைக்கென்று பூச்சிக்காளை வைத்துக்கொள்வதில்லை. பாட்டனார் காலத்தில் பட்டிக்குப் பட்டி ஒன்று நின்றதே. எல்லாரும் கிடாரி கிடாரி என்று நின்றால் நாளைக்கு நல்ல காளைக்கு எங்கே போவோம்? அதனால்தான் மயிலையின் முட்டைக்கு வேறு வழிக் காளையைக் கேட்டு வாங்கினேன். அது பிரிக்காத விந்து. கிடாரியோ காளையோ பாதிக்குப் பாதி. ஒன்று கிடாரியாகவும் மற்றது காளையாகவும் பிறந்தால், அந்தக் காளையைக் காயடிக்காமல் நானே வளர்ப்பேன். தீவனச் செலவைப் பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது.

கரு வைத்தால் பத்தில் மூன்று நாலுதான் நிற்குமாம். சித்திரை பத்துக்கு மேல் ஸ்கேன் பார்க்கணும். நின்றால் மார்கழியில் கன்று. காங்கேயம் கன்று செவலையாகத்தான் விழும், ஆறு மாசத்தில் நிறம் திரும்பும். அதுவரை பார்க்கிறவன் ஜெர்சிக் கன்று என்றுதான் நினைப்பான். நேற்று அம்மிச்சி கேட்டாள், "ஏஞ்சாமி, மடி ஒருத்தியது, ரத்தம் ஒருத்தியது. ரெண்டும் ஒரே கட்டுத்தரையில நின்னா கன்னு யாருகிட்டப் போகும்?" பால் இருக்கிற பக்கம்தான் போகும் என்றேன். அவள் எழுந்து போய் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மார்கழிக்கு இப்போதே லீவு சொல்லி வை. ஸ்கேன் பார்த்த அன்றே போன் செய்கிறேன்.

உன்
மச்சான்