அத்தைக்கு ஒரு கடிதம்: கோயிலும் கடற்கரையும் போதாது, மலைக்கும் வாருங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் சர்க்கரையும் மாமாவின் முழங்கால் வலியும் இப்போது எப்படி இருக்கின்றன?

போன வாரம் போனில், "ரீயூனியன் வந்தா எந்தக் கோயிலுக்கெல்லாம் போகலாம், எந்தக் கடற்கரை நல்லா இருக்கும்?" என்று கேட்டீர்கள். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வருகிற நம்மவர்கள் எல்லாரும் இந்த இரண்டைத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கோயிலுக்குக் குறைவே இல்லை. நான் இருக்கிற சேன் ஆந்த்ரேயில் கொலோஸ் கோயில் கோபுரத்தைப் பார்த்தால் நம்மூரில் நிற்கிற மாதிரியே இருக்கும். தைப்பூசக் காவடி உண்டு, பாஞ்சாலி கதையோடு தீமிதி உண்டு. தமிழே பேச வராத பிள்ளைகள் பத்து நாள் கவிச்சி தொடாமல் விரதம் இருந்து அலகு குத்திக்கொள்வதைப் பார்த்தால் உங்களுக்குக் கண் கலங்கும். கடற்கரை என்றால் மேற்கே எர்மிதாழ் பக்கம் பவளப்பாறைக்கு உள்ளே முழங்கால் ஆழத்தில் நிற்கலாம். அதைத் தாண்டிய கடலில் சுறா பயம் இருப்பதால், 2013 முதல் பல இடங்களில் குளிக்கத் தடை. கடற்கரையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காரைக்கால் கடற்கரையில் தினமும் நடக்கிறவர் நீங்கள், மணலுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வருகிற நாட்களில் பாதியையாவது மலைக் கிராமங்களுக்கு ஒதுக்குங்கள். நம் ஆட்கள் இந்தத் தீவுக்கு ஏன் கொண்டுவரப்பட்டார்கள் என்ற கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் கடலோரத்திலிருந்தே தொடங்குவோம். தலைநகர் சேன் தெனியிலிருந்து மேற்கே போகிற வழியில் கிராந்த் ஷலூப் என்று ஒரு சின்ன ஊர். 2022-இல் கடலுக்கு மேலேயே 5.4 கிலோமீட்டருக்கு ஒரு பாலம் திறந்தார்கள். அது கரையேறுகிற இடம் இதுதான். எல்லாரும் அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடங்கள். 1860-களில் கட்டிய லசாரே கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. கப்பலில் வந்த கூலிகளைக் காலரா, அம்மை பயத்தில் ஊருக்குள் விடாமல் அடைத்து வைத்த இடம். இருபக்கமும் செங்குத்தான மலை, எதிரே கடல், நடுவில் கருங்கல் சுவர். ஓடிப்போக வழியே இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள். எரிமலைக் கல், மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக, வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காரைக்கால் துறைமுகத்தில் கப்பலேறியவர்களில் எத்தனையோ பேர் இந்தத் தீவில் முதலில் படுத்துத் தூங்கியது இந்தச் சுவர்களுக்குள்தான்.

"தாத்தாவோட பெரியப்பா புர்போனுக்குக் கப்பலேறினார், திரும்பவே இல்லை" என்று என் சின்ன வயதில் நீங்கள் சொன்னது எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. புர்போன் என்பது இந்தத் தீவின் பழைய பெயர்.

அவர் ஏன் வர வேண்டியிருந்தது? 1848 டிசம்பர் 20-ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிந்தது. சர்தா கரிகா என்ற ஆணையர் பிரான்சிலிருந்து வந்து அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விடுதலையானார்கள். அவர்களில் பெரும்பாலோர் சவுக்கடி வாங்கிய அதே கரும்புக் கொல்லைக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. போக விரும்புவார்களா என்ன? முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். 1828-லிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இந்தியர்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். 1848-க்குப் பிறகு அது பெருவெள்ளமானது. பிரிட்டிஷாரோடு 1860-இல் ஒப்பந்தம் போட்ட பிறகு அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர்களிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். இங்கே நடந்த கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு, 1882-இல் பிரிட்டிஷாரே ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் திரும்ப அனுப்புவோம் என்ற வாக்கு. திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குக் காவடி எடுக்கிறார்கள்.

இனி கிழக்கே போவோம். பிரா பனோனுக்குப் பக்கத்தில் ரிவியேர் தே ரோஷ் ஆறு கடலில் கலக்கிற இடம். பிஷீக் என்கிற பொடி மீன், அரைச் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறி வரும். ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூழாங்கற்களை அடுக்கி வாய்க்கால் கட்டுவார்கள். வாய்க்காலின் முனையில் கூம்பு மாதிரி ஒரு கூடையைச் செருகி வைப்பார்கள். அலை ஒவ்வொன்றும் கல்லைக் கலைக்கும், அவர்களும் சலிக்காமல் திரும்ப அடுக்குவார்கள். நம் நெத்திலி மாதிரி மலிவாக இருக்கும் என்று நினைத்து விலை கேட்டுவிடாதீர்கள்! ஆனால் தக்காளி, இஞ்சி, பூண்டு, மஞ்சள் போட்டு வதக்கிய பிஷீக் குழம்பை ஒரு தடவையாவது சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே ஊரில் வனிலாவையும் பார்க்கலாம். வனிலாப் பூ ஒருநாள் காலையில்தான் மலர்ந்திருக்கும். மெக்சிகோவிலிருந்து கொடி வந்ததே தவிர, அந்தப் பூவை மகரந்தம் சேர்க்கும் பூச்சி கூட வரவில்லை. காய்க்கவே இல்லை. பக்கத்து சேன் சுசானில் 1841-இல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தோலைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் காய் பிடிக்கும் என்று கண்டுபிடித்தான். உலகம் முழுக்க இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு அல்பியஸ் என்று அவனுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். காசு யாரும் கொடுக்கவில்லை. 1880-இல் ஏழையாகவே செத்துப்போனான். தோட்டத்தில் வேலை செய்கிற அம்மா ஒருவர் ஒரு பூவைப் பிடித்து எனக்குச் செய்து காட்டினார். கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்தக் கொடியில் இன்னும் எத்தனையோ பூ அவருக்காகக் காத்திருந்தது.

தெற்கே இன்னும் போனால் எரிமலை கடலில் இறங்குகிற கரை. பித்தோன் சேன் ரோஸில் 1977 ஏப்ரலில் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. மாதா கோயிலின் வாசல் வரைக்கும் வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, ஒரு உயிரும் போகவில்லை. நாகூரும் வேளாங்கண்ணியும் அறிந்தவர் நீங்கள், அந்த வாசலில் ஏன் இன்னும் ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது மலை.

சேன் ஆந்த்ரேயிலிருந்து ஆற்றங்கரையோடு சலாசிக்கு ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேறு உலகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சௌசௌ பந்தல். பந்தலை விட்டு ஓடி மரத்தில் ஏறி, கரண்டுக் கம்பத்தில் ஏறி, பள்ளத்தாக்கையே மூடியிருக்கும். காயைக் குழம்பு வைப்பார்கள், கொழுந்தைக் கீரையாக்குவார்கள், தண்டைக் கிழித்துக் காயவைத்துத் தொப்பி பின்னுவார்கள். மேலே எல்பூர் அழகான ஊர், மர வேலைப்பாடு செய்த பழைய வீடுகள். வெந்நீர் ஊற்றுக்காகப் பணக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1948 புயலுக்குப் பிறகு அந்த ஊற்றே காணாமல் போய்விட்டது.

ஆனால் உங்களை நான் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிற இடம் மஃபாத். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுவர் மாதிரி மலை, நடுவே சின்னச் சின்ன மேட்டில் குடியிருப்புகள். சாலையே கிடையாது, இன்றைக்கும். கேஸ் சிலிண்டர், அரிசி, சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் வரும். மற்றபடி நடைதான். மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடு. இவ்ரேன் போஸே என்ற தபால்காரர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தோளில் பையோடு இந்தப் பள்ளத்தாக்கை நடந்தே சுற்றிக் கடிதம் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரலில் உள்ள மரியாதையைக் கேட்க வேண்டும்.

இங்கே முதலில் குடியேறியவர்கள் தப்பியோடிய அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். கடலோரத்துத் தோட்டத்திலிருந்து ஓடி, ஆற்றுப் பள்ளத்தைப் பிடித்து ஏறி, குளிரிலும் பசியிலும் இங்கே மறைந்து வாழ்ந்தார்கள். அவர்களை வேட்டையாட ஆள் வைத்தார்கள். கொன்றதற்கு அடையாளமாகக் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டிப் பணம் வாங்கினார்கள். அத்தை, இதைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கை நடுங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கு சுமக்கிற பெயரே அப்படி வேட்டையாடப்பட்ட ஒரு தலைவனுடையதுதான். பிறகு நிலமில்லாத ஏழை வெள்ளைக்காரர்கள் ஏறி வந்தார்கள், விடுதலையானவர்களும் வந்தார்கள். எல்லாரும் கலந்துதான் இப்போதைய மலைக் குடும்பங்கள்.

லா நூவேல் என்ற குடியிருப்பில் நான் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி சௌசௌ கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தார். பூசணிக் கொழுந்துக்கு நீங்கள் செய்வீர்களே, தண்டை ஒடித்து நாரை ஒரே இழுப்பில் உரித்துவிடுவது, அதே கை. பக்கத்தில் கருங்கல் உரலில் மிளகாயும் இஞ்சியும் உப்பும் இடித்தது இருந்தது. விறகடுப்பில் கோழிக் குழம்பு. மஞ்சள் எங்கிருந்து என்று கேட்டேன். தெற்கு மலையில் பிளேன் தே கிரேக் என்ற ஊரிலிருந்து, அங்கேதான் நல்ல மஞ்சள் விளையும் என்றார். அவர் குடும்பத்தில் நம்மவர் யாரும் இல்லை. ஆட்டுக்கறி என்றால் மட்டும் "மசாலே" போடாமல் சமைக்கவே கூடாது என்று எனக்கே கண்டிப்பாகச் சொன்னார்.

அந்தப் பாட்டியின் முன்னோர்கள் ஓடிப்போன, விட்டுப்போன அதே கரும்புக் கொல்லையில்தான் நம் தாத்தாவின் பெரியப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம்மூர் மேடைகளில் ரீயூனியன் தமிழர்களைப் பற்றிப் பேசும்போது கோயிலைக் கட்டினார்கள், பண்பாட்டைக் காப்பாற்றினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு முன்னால் அதே மண்ணில் யார் ரத்தம் சிந்தினார்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அது எனக்கு மிகவும் உறுத்துகிறது. கடலோரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

பயப்பட வேண்டாம், உங்களை முழுக்க நடக்கவிட மாட்டேன். சேன் போல் மேலே மாய்தோ என்ற முனை வரைக்கும் கார் போகும், கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். அங்கே நின்றால் மஃபாத் முழுவதும் காலடியில் தெரியும். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், ஒன்பது பத்து மணிக்கு மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். உங்களுக்குத் தெம்பு இருந்தால் சலாசிப் பக்கத்துக் கணவாய் வழியாக லா நூவேலுக்கு இறங்கலாம், இரண்டு இரண்டரை மணி நேர நடை. மாமா எல்பூரில் உட்கார்ந்து காபி குடிக்கட்டும். சிலாவோஸுக்கும் ஒருநாள் போவோம். நானூறு வளைவு உள்ள சாலை, வாந்தி மாத்திரை அவசியம். அங்கே விளைகிற பருப்பு அவ்வளவு ருசி, ஒரு கிலோ வாங்கித் தருகிறேன்.

எப்போது வருவது? ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். காவடி பார்க்கலாம்தான், ஆனால் புயல் காலம். 1980 ஜனவரியில் ஒரே புயல், பதினைந்து நாளில் ஓரிடத்தில் 6,083 மில்லிமீட்டர் மழை கொட்டியது, அது உலகச் சாதனை. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி வந்த கராங்ஸ் புயலில் வடக்கும் கிழக்கும் பட்ட பாடு சொல்லி மாளாது. மலைப்பாதையெல்லாம் சரிந்துவிடும். அக்டோபரில் வாருங்கள். கரும்பு வெட்டு நடக்கும், வனிலா பூத்திருக்கும், பிஷீக் ஏறத் தொடங்கியிருக்கும், மலை காய்ந்திருக்கும். தீபாவளியும் ஒட்டியே வரும். சேன் ஆந்த்ரேயில் ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடுகிற தீபாவளி அது, எல்லா இனத்தாரும் வருவார்கள்.

செருப்பு போதாது, பிடிமானம் உள்ள ஷூ வாங்கி இப்போதிருந்தே கடற்கரையில் போட்டு நடந்து பழகுங்கள். ஸ்வெட்டர் இரண்டு. ஊறுகாய், அப்பளம் எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம், எல்லாம் இங்கே கிடைக்கும்.

ஒரு வேலை மட்டும் உடனே செய்யுங்கள். கப்பலேறிய பெரிய தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் சேன் தெனி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார்கள், அதனால் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கப்பலேறிய வருஷம் குத்துமதிப்பாகத் தெரிந்தாலும் தேடிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்,
சேன் ஆந்த்ரேயிலிருந்து