கடித நாவலுக்குத் தொடர்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாவல்களுக்குத் தொடர்ச்சி எழுதுவது பற்றிய கட்டுரையில், கடிதங்களாலேயே கதை சொல்லும் கடித நாவல்கள் விடுபட்டது வருத்தம். 1740இல் ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட்சனின் கடித நாவல் 'பமீலா' வந்ததும், மறு ஆண்டே அவர் அதற்குத் தொடர்ச்சியும் எழுதினார். நமக்கு மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' இருக்கிறதே! அதை இன்றைய காலத்துக்கு யாராவது நீட்ட வேண்டும்.

எங்கள் ஊர் சபுராளி (பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்) வீடுகளில் கொழும்புக் கடுதாசிகள் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. முதல் வரி ஸலாம், அடுத்தது உடல்நலம், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதிய பிள்ளையின் கொலுசு அளவு. பதில் வரும்வரை வீடே காத்திருக்கும். கடித நாவலுக்கு உயிர் அந்தக் காத்திருப்புதான். வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே அச்சிட்டால் அது கிடைக்காது. இளம் எழுத்தாளர்கள் இதை மனத்தில் வைத்து எழுதட்டும். அப்படி எழுதுவதைத் தங்கள் ஞாயிறு இணைப்பு தொடராக வெளியிட வேண்டும்.

– வாசகர், கீழக்கரை