விழுந்த மரங்களுக்கு நிவாரணக் கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடரில் பயிரிழந்த விவசாயிகளுக்கான அரசு நிவாரணம் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் பேசுபொருளாகிறது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் நெல்லோடு நின்றுவிடுகிறது. சொந்தப் பட்டா நிலத்தில் தென்னை, பலா, தேக்கு, சவுக்கு என்று மரம் வளர்ப்பவர்களின் இழப்பு எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்பதைப் பற்றி, கஜா புயலைக் கண்ட பகுதியைச் சேர்ந்தவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அன்றைய மாநில அரசு தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்து, ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய் என நிர்ணயித்தது. மத்திய அரசின் அப்போதைய பேரிடர் நிவாரண விதிமுறைப்படி பல்லாண்டுப் பயிர்களுக்குக் கிடைக்கக்கூடியது ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான். அதுவும் ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரையில். அந்த வகையில் மாநில அரசு விதிமுறையோடு நின்றுவிடாமல் தாராளமாகவே நடந்துகொண்டது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், ஆண்டுக்கு நூறு காய் தரும் ஒரு மரத்துக்கு, காய் பத்து ரூபாய் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், 600 ரூபாய் என்பது ஓராண்டு வருமானத்துக்குக்கூட ஈடாகாது. மறுபடி கன்று வைத்தால், நெட்டை ரகம் பாளை விட ஆறேழு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

அப்புறப்படுத்தும் செலவையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாய்ந்த தென்னையை மட்டை கழித்து, துண்டு துண்டாக அறுத்து, தூரைப் பொக்லைன் வைத்துப் பெயர்த்து, குழியை மூடி, அத்தனையையும் வண்டியில் ஏற்றி வெளியேற்றினால்தான் நிலம் மறுபடி நிலமாகும். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் மரம் கிடக்கும்போது இயந்திர வாடகையும் ஆள்கூலியும் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பணம் வரட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. மக்கிப்போன தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, புயலுக்குத் தப்பி நின்ற மரங்களின் குருத்தைக் குடையத் தொடங்கிவிடும். ஆகவே அப்புறப்படுத்தும் தொகையை இழப்பீட்டோடு சேர்த்துக் கணக்கெடுப்பு முடிந்தபின் வழங்காமல், முதல் சில வாரங்களிலேயே தனியாக வழங்குவதுதான் பயன் தரும்.

தென்னைக்காவது இப்படி ஒரு மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடைத்தது. தேக்கு, சவுக்கு போன்ற தடிமரம் வளர்ப்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறையில் பல்லாண்டுப் பயிர்களுக்கான தொகை ஹெக்டேருக்கு 22,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் வழங்கப்படும் இடுபொருள் மானியமே தவிர, மரத்தின் வயதையோ பருமனையோ பார்த்துத் தரப்படும் தொகை அல்ல. அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க உதவுவது என்ற அந்தக் கணக்கு நெல்லுக்குப் பொருந்தும். பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த தேக்குக்கு எப்படிப் பொருந்தும்? இடுப்பளவில் முறிந்த தேக்கில் கதவு, ஜன்னல் சட்டத்துக்கு உதவும் நீளம் தேறாது. வெட்டுக்கு வராத சவுக்கு ஒடிந்தால் அது விறகு விலைக்குத்தான் போகும். தடிமரங்களுக்கென்று அந்த விதிமுறையில் தனித் தலைப்பே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மரம் வளர்க்கச் சொல்வதும் அரசுதான். 2014இல் தேசிய வேளாண்காடு வளர்ப்புக் கொள்கை வெளியானது. தமிழ்நாட்டில் 2021-22 முதல் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின்கீழ் தேக்கு, மகோகனி, வேங்கை போன்ற கன்றுகள் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. உழவன் செயலியில் அதற்குப் பதிவு செய்கிறோம். ஆக, யார் நிலத்துக்கு எந்தக் கன்று எத்தனை போனது என்ற பதிவு அரசிடமே இருக்கிறது. பேரிடர் நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிப் பதிவேடான அடங்கலைப் புரட்டி, வரப்போரத் தேக்கு அதில் ஏறவில்லை என்று கைவிரிப்பதற்குப் பதிலாக, இந்தப் பதிவையே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம்.

கஜாவுக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பு, 2018 அக்டோபர் 10 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை மைக்கேல் சூறாவளி தாக்கி, தனியார் பைன் காடுகளைப் பெருமளவில் முறித்துப்போட்டது. அந்நாட்டு வேளாண் துறையில் தனியார் வன உரிமையாளர்களுக்கென்றே அவசர வன மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. சேதமான மரங்களை அகற்றி, நிலத்தைச் சீர்செய்து, மறுநடவு செய்யும் செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. இழந்த மரத்தின் விலையை அது ஈடுசெய்வதில்லை. முதலில் கைப்பணம் போட்டு வேலையை முடித்தால்தான் தொகை வரும் என்ற முறை அங்கும் சிறு உரிமையாளர்களுக்குச் சுமைதான். அப்படியே நகல் எடுக்க வேண்டிய திட்டம் என்று நான் சொல்லவில்லை. தோப்பை மீண்டும் தோப்பாக்கும் செலவு என்பது பயிர்ச்சேதத்திலிருந்து வேறான ஒரு கணக்கு என்பதை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டத்தில் 4 முதல் 15 வயது வரையிலான மரத்துக்கு 900 ரூபாயும், 16 முதல் 60 வயது வரையிலான மரத்துக்கு 1,750 ரூபாயும் காப்பீட்டுத் தொகை. பிரீமியத்தில் கால்பங்குதான் விவசாயியுடையது. நல்ல திட்டம், ஆனால் எங்கள் பக்கம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. மேலும் அது தென்னைக்கு மட்டுமே உரியது.

மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் பதினாறாவது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரல் முதலானது. அந்தக் காலத்துக்குரிய பேரிடர் நிவாரண விதிமுறையில் தடிமரங்களுக்கும் பல்லாண்டுத் தோப்புகளுக்கும் வயது அடிப்படையிலான தனித் தலைப்பு ஒன்றைச் சேர்க்கும்படி மாநில அரசு மத்திய அரசிடம் எழுத்துப்பூர்வமாக வலியுறுத்த வேண்டும். புயலுக்குப் பின் வியாபாரி கேட்ட விலைக்கு மரத்தைத் தள்ளிவிடும் நிலை வராதிருக்க, விழுந்த மரங்களை வனத்துறையோ அரசின் காகித ஆலையோ குறைந்தபட்ச விலைக்குக் கொள்முதல் செய்ய ஏற்பாடு வேண்டும். குத்தகை நிலத்தில் தோப்பு வைத்திருப்பவர்களின் பெயரையும் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். கடலோர மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் இதைச் சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் எழுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோப்பு விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.