சூனியக்காரி என்னும் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசியும் தேர்வு அச்சமுமாக வாழும் பதின்பருவப் பெண்கள் மந்திரம் பழகுவதாக எழுதப்படும் மிகுபுனைவு நாவல்களை, இளையோரைக் கெடுப்பவை எனப் பெரியவர்கள் ஒதுக்குவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் 9, 11 வயதுச் சிறுமிகளிடம் தொடங்கிய சூனியக் குற்றச்சாட்டுகள் பரவி, 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். அன்று உயிரைப் பறிக்கப் போதுமானதாயிருந்த ‘சூனியக்காரி’ என்னும் அதே சொல்லை, தன் உடலின் மாற்றங்களையும் அடங்காத சினத்தையும் புரிந்துகொள்ளத் தவிக்கும் ஒரு பெண் அச்சமின்றித் தனதாக்கிக்கொள்வதே இக்கதைகளின் உயிர்நாடி. மந்திரம் எல்லாச் சிக்கலையும் எளிதாகத் தீர்த்துவிடும் நாவல்கள் எனக்கும் உவப்பானவை அல்ல. தன் மந்திரத்தால் தோழி துன்புற்றபோது அதற்குப் பொறுப்பேற்ற நாயகியின் கதையைத்தான் என் மகள் மூன்று முறை படித்தாள். இத்தகைய நாவல்களுக்கும் தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்