அந்தக் காலையும் பார்த்த சிஸ்டருக்கு

அப்பாவின் மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. சர்க்கரை நோயால் இடது பாதத்தில் வந்த புண் மூடிவிட்டது. காலும் இருக்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதலில் டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர். எங்கள் எல்லோருடைய கண்ணும் புண்ணிருந்த இடது காலிலேயே இருந்தது. அன்று புண்ணைச் சுத்தம் செய்து புதுக் கட்டும் போட்டாகிவிட்டது, வெளியே வரிசை வேறு. கிளம்பப் போனவரை நிறுத்தி, "ஐயா, அந்தக் காலையும் காட்டுங்க" என்றார். "அதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அப்பா சொல்லியும் விடவில்லை. ஒரு நைலான் இழையை முதலில் அப்பாவின் கையில் தொட்டுக் காட்டினார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, வலது உள்ளங்காலில் இடம் இடமாக, இழை வளையும்வரை அழுத்தினார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் விசையில் வளையும் இழை அது. நான்கைந்து இடம் முடிந்த பிறகு அப்பா, "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்திருந்தது, உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி. காய்ப்புக்கு அடியில் இரத்தம் கசிந்திருக்கிறது, விட்டால் அடுத்த புண் இங்கேதான் என்று டாக்டரைக் கூப்பிட்டார். இடது காலைக் காப்பாற்ற, பாரமெல்லாம் வலது காலில் இறங்கியிருக்கிறது. காய்ப்பைச் சீவி எடுத்தார்கள். நல்லவேளை, அடியில் தோல் உடையவில்லை. சிஸ்டர் எங்களை அப்படியே அனுப்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணுக்காலில் பார்த்த இரத்த அழுத்தத்தை மட்டும் நம்பாமல் கால்விரலிலும் இரத்த ஓட்டம் பார்த்த டாக்டர், எலும்புக்குக் கிருமி போகவில்லை என்று உறுதியாகும்வரை விடாத இன்னொரு டாக்டர், புண்ணில் பாரம் இறங்காமல் இருக்க முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்ட தம்பி (கழற்ற முடிகிற பூட்ஸ் என்றால் அப்பா வீட்டுக்கு வந்ததுமே கழற்றியிருப்பார்), மாறி மாறித் துணைக்கு இருந்த சொந்தங்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆறிய பிறகும் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்பி வருகிறது. அதனால் இனி தினமும் இரவில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் நானே பார்க்கப் போகிறேன். ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் அப்பா அதைப் போடக் கூடாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இதற்கு மட்டும் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. சிஸ்டர், அடுத்த முறை வரும்போது நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.