நீ அனுப்பிய புதுப் பாட்டு

கண்ணு,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். ஹெட்ஃபோனில், ஸ்பீக்கரில், தனியாக, அப்பாவை உட்கார வைத்து என்று திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. உன் குரல் இவ்வளவு தெளிவாக எந்தப் பதிவிலும் வந்ததில்லை. இரண்டாவது சரணத்தில் கிட்டார் நின்றுபோய் பேஸ் கிட்டாரும் நீயும் மட்டும் போகிறீர்களே, அந்த இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

டிரம்ஸ் மெஷினா? சும்மாதான் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, முதலில் காது. போன தடவையே சொன்னேன், நீ பதில் சொல்லவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100 ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உள்காதில் இருக்கும் அந்த நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பஞ்சு வைப்பதில் பயனில்லை. பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் என்றே செய்கிற காதடைப்பான் இருக்கிறது, எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதை வாங்கிக்கொள்.

உங்கள் பேண்டின் ஒத்திகை அறையில் சத்தத்தைத் தீர்மானித்தது எப்போதும் டிரம்ஸ்தான். ஆரம்பத்தில் அடுத்தவர் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தபோது அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. டிரம்ஸ் ஓங்கி அடிக்கும், கிட்டார் தன் சத்தம் கேட்கவில்லை என்று ஆம்பைத் திருகிச் சத்தத்தைக் கூட்டும், பேஸும் திருகும், கடைசியில் நீ கத்துவாய். பக்கத்து அறையில் இருக்கும் எனக்கு உன் தொண்டை வலிக்கும். அப்புறம் டிரம்ஸ் வாசிக்கிற அவன் ஒருநாள் தடிக் குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டியது போல இருக்குமே, அதை எடுத்து வந்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. டிரம்ஸ் சத்தம் இறங்கியதும் கிட்டாரும் இறங்கியது. நீ முதல் தடவையாகச் சன்னமாகப் பாடினாய். உன் குரலுக்காகத் தந்திகளை அரை ஸ்வரம் தளர்த்தியதும் அந்த நாட்களில்தான். தளர்ந்ததும் கிட்டாருக்கு ஒரு கனம் வந்தது, வேகமான பாட்டெல்லாம் மெதுவாயிற்று. இப்போது எல்லோரும் 'உங்கள் ஸ்டைல்' என்று சொல்கிறார்களே, அது இப்படி ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் வந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

உன்னைப் புரிந்துகொள்ளத்தான் இதையெல்லாம் படிக்கிறேன். ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து பேண்டில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக் மேல் தந்திகளிலேயே மெட்டு வாசித்ததற்குக் காரணம், மட்டமான ஆம்பில் கீழ் ஸ்வரங்கள் அவருக்கே கேட்காததுதானாம். மேலே போனால்தான் தான் வாசிப்பது தனக்குக் கேட்டது. அதுவே அந்த பேண்டின் அடையாளமாகிவிட்டது. நல்ல ஆம்ப் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

மெஷின் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க பேண்டில் டிரம்ஸ் வாசித்த பில் பெரி 1997-ல் விலகிய பிறகு மீதி மூவரும் டிரம் மெஷினெல்லாம் வைத்து அடுத்த ஆல்பத்தை முடித்தார்கள், 1998-ல் வந்தது. அந்தச் சமயத்தில் பேண்டே உடைகிற நிலைக்குப் போனதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உன் பாட்டுகளில் பல்லவிக்குப் போகும்போது அவன் எப்போதும் ஒரு இழை முந்துவான், பேஸும் கூடவே ஓடும். அந்தத் தள்ளல் இதில் இல்லை. எல்லாம் மெஷினின் தாள க்ளிக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

நீ போன் எடுப்பதே இல்லை. மெசேஜில் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நேரத்துக்குத் தூங்குகிறாயா என்றுகூடத் தெரியவில்லை. காதடைப்பான் வாங்கு.

பாட்டின் கீழே எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. வரி உன்னுடையது, மெட்டு உன்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை, எனக்கு அதில் பெருமையும் உண்டு. வழக்கத்திலும் மெட்டும் வரியும்தான் பாட்டு, தாளம் போட்டவருக்கு எழுதியவர் பங்கு கிடையாது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பல பேண்டுகள் அதைத் தங்களுக்குள் பேசி வேறு மாதிரி வைத்துக்கொள்கின்றன. அதே ஆர்.இ.எம்.மில் யார் எழுதினாலும் நால்வர் பெயரும் போட்டார்கள், பணத்தையும் நாலாகப் பிரித்தார்கள். பெயர் போடுவது பணம் வருவதற்கு முன்னால் பேசவேண்டிய விஷயம். வந்த பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். நீங்கள் பேசினீர்களா, இல்லையா என்று நான் கேட்கவில்லை.

1968-ல் ரிங்கோ ஸ்டார் கோபித்துக்கொண்டு பீட்டில்ஸை விட்டுப் போய்விட்டார், தெரியுமா? தன்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் இல்லாதபோது பால் மெக்கார்ட்னியே டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்தார், வேலை நிற்கவில்லை. ஆனாலும் திரும்பி வரச்சொல்லித் தந்தி அனுப்பினார்கள். அவர் வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூவாக இருந்தது, ஜார்ஜ் ஹாரிசன் செய்த ஏற்பாடு. நாலு பேரில் யார் முதலில் இறங்கி வந்தது என்று அதற்கப்புறம் யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நீ சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தப் பாட்டும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். ஒத்திகையின்போது அறை நடுவில் போனை வைத்துப் பதிவு செய்வீர்களே, அதெல்லாம் பழைய கணினியில் இருக்கிறது, நான் எதையும் அழிக்கவில்லை. இந்தப் பாட்டின் முதல் வடிவமும் அதில் இருக்கிறது. வரி எதுவும் வருவதற்கு முன்னால் அவன் மேசையில் தட்டிக்கொண்டிருக்க, நீ அதன் மேல் முனகுகிறாய். கேட்டுப் பார்.

அவன் போன வாரம் எனக்குப் போன் செய்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அந்தப் பதிவுகளின் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நான் இன்னும் அனுப்பவில்லை, அது உங்கள் எல்லோருடையதும் என்பதால் உன்னைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. அனுப்பட்டுமா, நீயே அனுப்புகிறாயா? கட்டைவிரல் படம் போடாமல் எனக்கு ஒரு பதில் எழுது.

அம்மா