பாப்பாவுக்கு, மன்னார்குடியிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது, குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுகதையின் தொனியையும் ஆசிரியரின் நோக்கத்தையும் எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். என் பெண் என்னிடம் பாடம் கேட்கிறாள் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

முதலில் நோட்ஸை மூடிவைக்கச் சொல். ‘இக்கதையின் வாயிலாக ஆசிரியர் உணர்த்துவது யாதெனில்’ என்று ஆரம்பித்தாலே, பிள்ளை கதையைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். நோக்கத்தை நேரே தேடினால் நீதிபோதனைதான் கிடைக்கும். தொனியைப் பிடித்தால் நோக்கம் பின்னாலேயே வரும்.

ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையை எடுத்துக்கொள். நம் பக்கத்துத் தேவங்குடியில் 1921-ல் பிறந்தவர், வாத்தியார் வேலையும் பார்த்தவர். ரயிலில் ஓர் அப்பாவும் சின்னப் பையனும் போகிறார்கள். அதே வண்டியில், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு சிறுமி. பையன் தன் ஆரஞ்சை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். குழந்தையை வேலைக்கு அனுப்புவது கொடுமை என்று அங்கே யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஆனால் படித்து முடித்தவனுக்கு அந்தக் கொடுமையும் உறைக்கும், மனசும் நிறைந்துபோகும். எப்படி இரண்டும் வந்தது? கதையைச் சொல்வது யார் என்று பிள்ளைகளைக் கேள். அந்த அப்பா சொல்கிறார். அதையே அந்தச் சிறுமி சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு பத்தி எழுதிப் பார்க்கச் சொல். தொனி என்றால் என்னவென்று நீ விளக்கவே வேண்டியதில்லை.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இப்போது வேண்டாம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வைத்துக்கொள். அழுக்குச் சந்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியதிலேயே அவர் கோபம் தெரிந்துவிடும். கடைசியில் நம் பக்கம் திரும்பி நேருக்கு நேராகவே கேட்டுவிடுவார். இவர் அப்படி, ஜானகிராமன் இப்படி. எது உசத்தி என்று பட்டிமன்றம் வைக்காதே.

சத்தமாகப் படிக்க வை. குரல் எங்கே தானாகத் தாழ்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம், எழுதினவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பார்க்கச் சொல். பாதிக் கதை அங்கேதான் இருக்கும்.

உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். வகுப்பு, பிள்ளைகள், பரீட்சைத்தாள். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் ரசத்தில் உப்பு போதவில்லை என்று அவர் சொன்னதைக்கூட எழுதுவாய். இரண்டு பக்கம் எழுத நேரம் இருந்தவளுக்கு அந்த ஒரு வரிக்கு நேரம் இல்லையா? தலைமையாசிரியர் உன்னைப் பாராட்டியதை எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் கேட்க நினைத்தது அது இல்லை.

நான் துருவவில்லை. ஆனால் சின்ன அத்தையிடமும் இந்த வீட்டில் யாரும் துருவவில்லை. அது எங்கே போய் நின்றது என்று உனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சத்தமாகப் படிக்க வைக்க மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இங்கே வந்துவிடலாம். டிக்கெட் நான் போடுகிறேன், தேதி மட்டும் சொல். அவரோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா